விண்கலம் ஓட்டும் கைப்பிடி

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில், தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று கணினி உண்டு. அதில் பிள்ளைகள் விரும்பி ஆடும் விளையாட்டுக்களுள் விண்கலம் ஓட்டும் பாவனை விளையாட்டும் ஒன்று. இவ்விளையாட்டில் சிறிது தேறியதும் பிள்ளைகள் பெற்றோரிடம் கைப்பிடி ஒன்று வாங்கித் தருமாறு கேட்கிறார்கள். கடையிலோ பல வகை இருக்கின்றன. எதை வாங்குவது, வாங்கியதை எவ்வாறு சரிப்படுத்துவது என்பன காசைப் பற்றிய கேள்விகள் போலத் தோன்றும். உண்மையில் இவற்றுக்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. கையளவான அப்பொருளுக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சியும், மயிரிழையில் உயிர் பிழைத்தோர் சிலருடைய அனுபவமும் அடங்கியுள்ளன.

கருவியைக் கைக்குப் பொருத்துவது நம்மவர்க்குப் புதிய வித்தையன்று. பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால் தெரியும். உளி ஒரு முறை எடுக்கும் சீவல் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டலாகாது. ஆழம் போதாவிடில் பால் குறையும். மிகுந்துவிட்டாலோ மரத்தில் காயம் விழும், மண்டோரின் கண்ணுக்கும் அது தப்பாது. கூர் மழுங்கிய உளியைக் கை அழுத்தும். அழுத்திய கை அளவு தவறும். இதே வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில், ஈயம் வாரும் பெருங்கப்பல்கள் ஒரு காலத்தில் வேலை செய்தன. அவை கம்பி வடங்களில் கட்டுண்டு குட்டையில் மிதப்பவை. ஒரு பக்கத்து வடத்தைச் சுருட்டி மறு பக்கத்து வடத்தைத் தளர்த்தினால் கப்பல் பக்கவாட்டில் நகரும். முன்வடத்தைச் சுருட்டினால் முன்னேறும். நெம்புகோல்களின் முன்னே நிற்பவர், எது எந்த வடத்துக்குரியது என்று நின்று யோசிக்க நேர்ந்தால் வேலை கெட்டுவிடும். உளியின் அளவறிந்த அழுத்தமும், நெம்புகோலின் குழப்பமற்ற ஒழுங்கும் ஆகிய இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொண்டால், பின்வருவன எளிதில் விளங்கும்.

விமானத்தை ஒரே கோலால் ஏற்றவும் இறக்கவும் சாய்க்கவும் கூடும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் எஸ்னோ-பெல்த்ரி என்ற பிரெஞ்சுப் பொறியியலார். அவருடைய கோலுக்கு 1907இல் காப்புரிமை கிடைத்தது. நம் மலாவத்தி குன்றில் கலங்கரை விளக்கம் எழுந்ததும் அதே ஆண்டில்தான்! இக்கோலுக்கே பிற்காலத்தில் ஜாய்ஸ்டிக் என்ற பெயர் நிலைத்தது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. விமானத்துக்குக் கோல் செய்த அதே மனிதர் விண்வெளிப் பயணக் கணிதத்தின் முன்னோடிகளுள்ளும் ஒருவராக விளங்கினார். 1912இலேயே கிரகங்களுக்குப் போகும் வழியைப் பற்றி உரையாற்றினார். 1930இல் அது பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். 1931இல் ராக்கெட் எரிபொருளைச் சோதிக்கையில் நேர்ந்த வெடிப்பில் அவர் கைவிரல்கள் சிலவற்றை இழந்தார்.

பாவனைப் பயிற்சி இயந்திரத்தின் பிறப்பு வேறொரு பட்டறையில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் பிங்காம்டன் என்னும் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தைக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை இருந்தது. நம் பஜனை மடங்களில் ஒலிக்கும் ஆர்மோனியப் பெட்டிக்குத் துருத்தி எப்படியோ, ஆர்கனுக்கும் அப்படியே. மகன் அத்துருத்திகளை எடுத்துக் குட்டி விமானக் கூடொன்றின் அடியில் பொருத்தினார். உள்ளே அமர்ந்தவர் கோலை அசைத்தால் துருத்திகள் உப்பியும் சுருங்கியும் கூட்டைச் சாய்த்தன. 1929இல் இது உருவாகியபோது பறக்கும் பள்ளிகள் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே காசு போட்டு ஏறும் விளையாட்டாக வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் வேலையை ஏற்று, மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து மாண்டனர். அதன் பின்னரே ராணுவம் ஆறு இயந்திரங்களை வாங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அப்பொல்லோ விண்வீரர்கள் பயின்ற பாவனைக் கலத்தைச் செய்ததும் அந்த லிங்க் நிறுவனத்தின் வழிவந்த கம்பெனியே. விளையாட்டுப் பொருள் என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதைச் சற்றுக் கவனிப்பது நலம்.

இனி விமானத்துக்கும் விண்கலத்துக்கும் உள்ள வேற்றுமையை நோக்குவோம். சிலாங்கூர் ஆற்றில் செல்லும் சம்பானின் மூக்கைத் திருப்பினால் சம்பான் அத்திசையில் போகும். காரணம், நீர் அதன் பக்கங்களை அழுத்திப் பாதையை வளைக்கிறது. விமானத்துக்குக் காற்று அவ்வேலையைச் செய்கிறது. விண்வெளியிலோ அழுத்துவதற்கு ஒன்றுமில்லை. கலத்தின் மூக்கைத் திருப்பினால் மூக்கு மட்டுமே திரும்பும். கலம் பழைய பாதையிலேயே, பக்கவாட்டாகவோ பின்புறமாகவோ, போய்க்கொண்டிருக்கும். பாதையை மாற்றத் தனியே தள்ளவேண்டும். ஆகவே திருப்புவது மூன்று வகை, தள்ளுவது மூன்று வகை, ஆக ஆறு அசைவுகள் ஓட்டுபவர் கைக்கு வேண்டியிருக்கின்றன. விண்கலக் கைப்பிடியின் சரித்திரம் முழுவதும் இந்த ஆறை இரண்டு கைகளுக்குப் பங்கிட்ட சரித்திரமே எனலாம்.

தொடக்கத்தில் மனிதனின் கையை நம்புவதா என்பதே கேள்வியாக இருந்தது. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் ஏறிய வோஸ்தோக் கலத்தில் கைப்பிடி இருந்தும் அது பூட்டப்பட்டிருந்தது. எடையற்ற நிலையில் மனிதனின் புத்தி பேதலித்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். 1, 2, 5 என்ற எண்களை அழுத்தினால் பூட்டுத் திறக்கும். அவ்வெண்களை உறையிலிட்டு ஒட்டிக் கலத்துக்குள் வைத்தார்கள். ஆனால் மனம் கேளாமல், புறப்படுமுன்பே ககாரினின் காதிலும் போட்டுவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் பறந்த அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட், வலக்கையில் ஒரே கைப்பிடியைக் கொண்டு தம் மெர்க்குரி கலத்தைத் திருப்பிப் பார்த்தார். முன்னும் பின்னும் சாய்த்தால் மூக்கு இறங்கி ஏறும்; பக்கத்தில் சாய்த்தால் கலம் உருளும்; பிடியை முறுக்கினால் மூக்கு இடமும் வலமும் திரும்பும். ஒரே கையில் மூன்று அசைவுகள். அக்கலத்துக்குப் பாதையை மாற்றும் ஆற்றல் இல்லையாதலால் அதுவே போதுமாயிருந்தது. 1963 மே மாதத்தில் கோர்டன் கூப்பரின் கலத்தில் தானியங்கிக் கருவிகள் பழுதுபட்டபோது, அந்தக் கைப்பிடியைக் கொண்டே அவர் கலத்தை நேர்நிறுத்திப் பூமிக்கு மீண்டார். கையை நம்பலாமா என்ற வாதம் அதன் பின் வெகுவாகத் தணிந்தது.

இதற்கிடையில், 1962இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர்கள் சிலர் பிடிபி-1 என்ற கணினியில் ஒரு விளையாட்டை எழுதினார்கள். ஸ்டீவ் ரஸ்ஸல் முதன்மையாக நின்று செய்த அதன் பெயர் ஸ்பேஸ்வார். இரு விண்கலங்கள் நட்சத்திரமொன்றின் ஈர்ப்பில் அகப்படாமல் சுழன்று ஒன்றையொன்று சுடும். முதலில் இதைக் கணினியின் முகப்பிலிருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் ஆடினார்கள். முழங்கை வலித்தது. திரைக்கு அருகிலிருந்தவருக்கு அதிகச் சலுகையும் கிட்டியது. எனவே ஆலன் கோட்டக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர், தங்கள் மாதிரி ரயில் சங்கத்தில் கிடந்த உதிரிகளைக் கொண்டு இரு பெட்டிகள் செய்தனர். கலம் ஓட்டும் கணினி விளையாட்டுக்கென்றே பிறந்த கைக்கருவி இதுவாகும்.

அப்பெட்டியின் அமைப்பை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒரு நெம்புகோல் இடமும் வலமும் ஆடிக் கலத்தைத் திருப்பும். மற்றொன்றைப் பின்னால் இழுத்தால் கலம் உந்தப்படும். ஆபத்தில் மறைந்து தப்பும் மாயவித்தைக்கு அதனையே முன்னால் தள்ளவேண்டும். சுடுவதற்கு ஓசையற்ற பொத்தான் ஒன்று. சத்தம் கேட்டால் எதிரி உஷாராகிவிடுவான் அல்லவா? திருப்புவது ஒரு கை, தள்ளுவது மறு கை. இப்பங்கீட்டைச் சம்பளம் வாங்காத மாணவர்கள் பொழுதுபோக்குக்காகச் செய்தார்கள். பின்னர் 1965 முதல் மனிதரோடு பறந்த ஜெமினி கலத்திலும் இதே பங்கீட்டைக் காண்கிறோம். ஜெமினி மற்றொரு கலத்தைத் தேடிச் சென்று சேரவேண்டியது. ஆகவே திருப்பும் பிடியுடன் தள்ளும் பிடியும் அதற்குத் தேவைப்பட்டது.

அந்த ஜெமினியில்தான் கைப்பிடிக்குக் கடுஞ்சோதனை வந்தது. 1966 மார்ச் 16இல், ஜெமினி 8இல் இருந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் அஜேனா என்ற ஆளில்லாக் கலத்துடன் இணைந்தனர். சற்று நேரத்தில் இரண்டும் சேர்ந்து சுழலத் தொடங்கின. குற்றம் அஜேனாவினுடையது என்றெண்ணிப் பிரிந்தார்கள். பிரிந்ததும் சுழற்சி இன்னும் கடுமையாகி, வினாடிக்கு ஒரு சுற்று என்ற அளவை எட்டியது. உண்மையில் ஜெமினியின் எட்டாம் எண் உந்துகுழலே மூடாமல் சிக்கியிருந்தது. கண் இருண்டு நினைவு தப்பும் நிலையில் ஆம்ஸ்ட்ராங், உந்துகுழல் தொகுதி முழுவதையும் அணைத்துவிட்டு, பூமிக்கு மீளும்போது பயன்படுத்தவென்று ஒதுக்கிவைத்த தனித் தொகுதிக்குத் தம் கைப்பிடியை மாற்றிச் சுழற்சியை அடக்கினார். அன்றே பூமிக்குத் திரும்ப நேர்ந்தது. பாவனை இயந்திரத்தில் பழகிய விரல்கள் சுவிட்சைக் கண் பாராமலே தேடிப் போனதால் இருவரும் பிழைத்தனர்.

அப்பொல்லோ கலத்தில் முறை முற்றுப்பெற்றது. வலக்கையில் திருப்பும் பிடி, இடக்கையில் தள்ளும் பிடி. வலப்பிடியின் அளவுகளைச் சொல்கிறேன். வீட்டில் கைப்பிடி வைத்திருப்போருக்கு இவையே பாடம். நடுநிலையிலிருந்து ஒன்றரைப் பாகை சாயும் வரை பிடி ஒன்றுமே செய்யாது. அதற்கு மேல் சாய்க்கச் சாய்க்கச் சுழலும் வேகம் படிப்படியாக ஏறும். பத்துப் பாகையில் மெல்லிய தடை கைக்குத் தட்டுப்படும். அதையும் மீறிப் பதினோராம் பாகை வரை அழுத்தினால், மின்சாரம் கணினியைத் தாண்டி நேரே உந்துகுழல் வால்வுகளுக்குப் போகும். இது ஆபத்துக் காலத்துக்கென்று வைத்த வழி. இடப்பிடியிலோ வேறொரு சங்கதி: புறப்படும் வேளையில் அதை இடப்புறமாக முறுக்கினால், பயணமே கைவிடப்பட்டு வீரர்கள் இருந்த கூண்டு ராக்கெட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். ஒரே பிடிக்கு இத்தனை பொருள் வைத்தது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் தள்ளும் அசைவுக்கும் முறுக்கும் அசைவுக்கும் கை குழம்பாது என்று செய்தவர்கள் நம்பினார்கள். அவர்கள் நம்பிக்கை பொய்க்கவும் இல்லை.

1969 ஜூலை 20இல் சந்திரனில் இறங்குகையில், அதே ஆம்ஸ்ட்ராங் பாறைகள் நிறைந்த பள்ளத்தைத் தாண்டவேண்டியிருந்தது. வலக்கைப் பிடியால் கலத்தைச் சாய்த்துக்கொண்டே, இறங்கும் வேகத்தை இடப்பக்கத்துச் சிறு சுவிட்சினால் திருத்தினார். ஒரு தட்டுக்கு வினாடிக்கு ஓர் அடி கூடும் அல்லது குறையும். அளவைக் கணினி காத்தது. எவ்வளவு என்பதை மனிதன் சொன்னான்.

ரஷ்யரின் சோயூஸ் கலத்திலும் இடக்கை தள்ளுவதற்கு, வலக்கை திருப்புவதற்கு. 2007 அக்டோபர் 10இல் நம் நாட்டு ஷேக் முஸாபர் சுக்கோர் சென்றது அக்கலத்தில்தான். பதினோராயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பதாரருள் இறுதி நால்வரில் ஒருவராக 2006இல் தேறியவர் வனஜா என்ற தமிழ்ப் பெண்மணி, பொறியியலார். நால்வருள் இருவரே ரஷ்யாவின் நட்சத்திர நகரத்தில் முழுப் பயிற்சிக்குப் போயினர். அவர் போகும் வாய்ப்பு அமையவில்லை.

திரையைப் பார்த்துக் கைப்பிடியால் ஓட்டுவதில் உள்ள அபாயத்தை 1997 ஜூன் 25ஆம் நாள் உலகுக்குக் காட்டியது. மீர் நிலையத்திலிருந்த வசீலி சிப்லியேவ், சரக்குக் கலமொன்றைத் தூரத்திலிருந்து இரு பிடிகளால் இழுத்து வந்து சேர்க்க முயன்றார். தூரம் காட்டும் ராடார் வேண்டுமென்றே அணைக்கப்பட்டிருந்தது. கீழே மேகங்களின் பின்னணியில் நிலையம் திரையில் தெளிவாகத் தெரியவில்லை. பூமியில் பயிற்சி பெற்றுவிட்டு அவர் மேலே வந்து மாதங்கள் நான்கு கடந்திருந்தன. கலம் வேகம் குறையாமல் வந்து ஸ்பெக்டர் என்ற அறையில் மோதித் துளையிட்டது. மூவரும் வடங்களைத் துண்டித்து அவ்வறையை அடைத்து உயிர் பிழைத்தார்கள். வீட்டு விளையாட்டில் பிள்ளைகள் கலங்களைச் சேர்க்கத் தவறுவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்: பிடி நல்லதாயினும், தூரமும் நெருங்கும் வேகமும் கண்ணுக்கு எட்டுவதில்லை. அவ்வெண்களைத் திரையின் நடுவிலே தெரியும்படி வைத்துக்கொள்வதே கைப்பிடி வாங்குமுன் செய்யவேண்டிய முதற்காரியம்.

இனிக் கடைக்கு வருவோம். 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினிக்குக் கைப்பிடி இணைக்கும் அட்டை இருந்தது. பிடியின் சாய்வை அது மின்தடையால் அளந்தது. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டும் திருகு இருக்குமே, அதே பொருள்தான் பிடியின் அடியிலும் இருந்தது. திருகில் தூசி சேர்ந்தால் வானொலி கரகரக்கும். பிடியில் தூசி சேர்ந்தால் கலம் தானே நடுங்கும். விலை மலிந்த பிடிகளில் இன்றும் இவ்வகையே உண்டு. காந்தத்தால் அளப்பவை தேய்வதில்லை. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவே அவற்றின் அடிப்படை. நம் நாட்டுப் புழுக்கத்துக்கும் புழுதிக்கும் இவ்வகை உகந்தது என்பது என் கருத்து.

மெர்க்குரி கலத்தைப் போலப் பிடியை முறுக்கும் வசதி இருக்கிறதா என்று அடுத்தபடி பார்க்கவேண்டும். இருந்தால் திருப்பும் மூன்று அசைவுகளும் ஒரே கைக்குள் அடங்கும். இடக்கைக்கு இரண்டாவது பிடி வாங்க வசதியில்லாதோர் விசைப்பலகையைக் கொண்டே தள்ளலாம். குழல்கள் சிறு துடிப்புக்களாகவே வேலை செய்வதால் பெரிய குறையொன்றும் வராது. 2011இல் வெளியான கெர்பல் என்ற விளையாட்டில் இடக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி, கியூ, இ விசைகளால் திருப்பும். வலக்கை ஐ, ஜே, கே, எல், எச், என் விசைகளால் தள்ளும். உண்மைக் கலத்துக்கு இது நேர்மாறு. வலக்கையில் பிடி வந்ததும் தள்ளும் விசைகளை இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்வது அவசியம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மார்ட்டின் ஷ்வைகர் 2000இல் வெளியிட்ட ஆர்பிட்டர் என்ற பாவனையில், ஒரு விசையைத் தட்டினால் அதே விசைகள் திருப்புவதிலிருந்து தள்ளுவதற்கு மாறிவிடும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்தவர் பாடு திண்டாட்டந்தான்.

விமான விளையாட்டுக்கென்று விற்கும் வேக நெம்புகோலையும் மிதிகட்டைகளையும் கடைக்காரர் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார். விண்வெளியில் காலுக்கு வேலையில்லை. பெரும்பாலான விண்கல எஞ்சின்கள் ஒரே விசையில் எரிபவை. ஆதலால் வேக நெம்புகோல் சந்திரனில் இறங்கும் பாவனைக்கே உதவும். அட்டாரி கம்பெனி 1979இல் வெளியிட்ட சந்திரனில் இறங்கும் காசு விளையாட்டில் அத்தகைய நெம்புகோல் இருந்தது. அங்கே அது பொருத்தமே.

சரிப்படுத்தும்போது அப்பொல்லோவின் ஒன்றரைப் பாகையை நினைக்கவேண்டும். நடுவில் செயலற்ற இடத்தை முதலில் பூஜ்யத்தில் வைத்து, கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்க்கவேண்டும். கலம் தானே அசைந்தால், அசைவு நிற்கும் வரை சிறிது சிறிதாகக் கூட்டி அத்தோடு நிறுத்துவது. மேலும் கூட்டினால், மழுங்கிய உளியைப் போல, கை அழுத்தி அளவு தாண்டும். ராக்கெட்டின் அடுக்கைக் கழற்றிவிடும் கட்டளை போன்ற மீளாத கட்டளைகளைப் பிடியின் மேலுள்ள பொத்தான்களில் வைக்கலாகாது. கெர்பலில் அது நீண்ட இடைவெளி விசையில் இருப்பதால், பதற்றத்தில் கட்டைவிரல் பட்டுக் கலம் துண்டான கதைகள் ஏராளம். ஆல்ட் விசையுடன் எல் விசையை அழுத்திப் பூட்டிவைக்கலாம். ககாரினின் பூட்டைப்போல அதற்கு உறையொன்றும் தேவையில்லை.

2020 மே மாதத்தில் இருவரைச் சுமந்து சென்ற டிராகன் கலத்தில் கைப்பிடியே இல்லை. திரையிலுள்ள பொத்தான்களைத் தொட்டுத்தான் அவர்கள் கலத்தைச் சிறிது நேரம் கையால் ஓட்டிப் பார்த்தார்கள். அதே மாதம் அக்கம்பெனி பொதுமக்களுக்கு வெளியிட்ட பாவனையையும் விரலால் தட்டியே ஆடலாம், வினாடிக்கு 0.2 மீட்டருக்கு மேல் வேகமிருந்தால் சேர்க்கை தோல்வி. 1962இல் முழங்கை வலித்த மாணவர்கள் விட்டு விலகிய தட்டும் முறை இப்போது கண்ணாடித் திரையில் திரும்பியிருக்கிறது. அவர்கள் ஆடிய அவ்வகைக் கணினி ஒன்று கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரத்துக் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பழுது பார்க்கப்பட்டு ஓடும் நிலையில் இருக்கிறது. அங்கே ஸ்பேஸ்வாரை ஆடிக் காட்டுவோர் சுவிட்சுகளைத் தொடுவதில்லை. இரு நெம்புகோல் பெட்டிகளையே கையில் எடுக்கிறார்கள்.